அவன் சீட்டில் மட்டும் முழுதாக வந்த பக்கம்

அந்த ஆஸ்பத்திரியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் சரியில்லை என்று யார் போன் போட்டாலும் "ரெஃப்ரெஷ் பண்ணுங்க" என்பான். அதனால் ரெஃப்ரெஷ் தம்பி. சும்மா சொல்லக் கூடாது, பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

நோயாளிகளின் விவரப் பக்கங்கள் சர்வரிலிருந்து நேராக வார்டுக்குப் போகாது. நடுவில் ப்ராக்ஸி என்று ஒரு புரோகிராம் உண்டு. பக்கத்தை வாங்கி, அங்கங்கே திருத்தி எழுதி, பிறகுதான் அனுப்பும். போன வாரம் மேனேஜர், ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் 'இவை ரகசிய விவரங்கள்' என்று நாலு வரி எச்சரிக்கை வர வேண்டும் என்றார். ப்ராக்ஸியில் சேர்த்தான். அன்றிலிருந்து வார்டுகளில் முணுமுணுப்பு, பக்கம் முடியாமலே நின்றுவிடுகிறது என்று. இவன் தன் சீட்டில் திறந்து பார்ப்பான், முழுதாக இருக்கும். இருக்காதா பின்னே? வேலை சுருக்காக நடக்கட்டும் என்று தன் கம்ப்யூட்டரை மட்டும் ப்ராக்ஸி பக்கமே விடாமல் நேராகச் சர்வரோடு இணைத்து வைத்திருந்தான் மகராசன். வைத்ததையே மறந்தும் போயிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அக்காவைக் காய்ச்சலோடு சேர்த்தார்கள். அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியவள் அவள்தான். விவரம் பதியும்போது கூடவே நின்று, பென்சிலின் ஒத்துக்காது என்று அழுத்திச் சொன்னான். மாடிக்குப் போய்த் தன் சீட்டில் அவள் பக்கத்தைத் திறந்தான். கடைசி வரியில் இருந்தது. நிம்மதியாக டீ குடித்தான்.

மதியம் வார்டு நர்ஸ் போன் செய்தாள். "தம்பி, பக்கத்தோட அடி வரவே மாட்டேங்குது."

"எனக்கு முழுசா வருதே சிஸ்டர். ரெஃப்ரெஷ் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்பா."

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க."

யாருடைய பக்கம் என்று கேட்க வாய் வரவில்லை, பாவிக்கு.

அக்கா கண் செருகிக் கிடந்தாள். அவள் புருஷன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். திரையில் வந்த வரைக்கும் பார்த்து டாக்டர் ஊசி எழுதினார், நர்ஸ் போட்டாள். மாமா திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வார்டு வாசலில் மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னியேடா. எழுதிக்கிட்டாங்களேடா. அப்புறம் எப்படிடா?"

அவன் வார்டுக் கம்ப்யூட்டரில் அவள் பக்கத்தைத் திறந்தான். மேலே எச்சரிக்கை நாலு வரியும் பளிச்சென்று இருந்தது. கீழே ரத்த வகையோடு பக்கம் நின்றிருந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. பக்கத்தின் நீளம் இவ்வளவு என்று சர்வர் முன்கூட்டியே சொல்லி அனுப்பும். மேலே நாலு வரி கூட்டியவன் அந்த அளவை மாற்றவில்லை. பிரவுசர் பழைய அளவுக்கு வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டது. மேலே ஏறியது எவ்வளவோ, கீழே அவ்வளவு போயிற்று.

மாடிக்குப் போய்ச் சரி செய்தான். இனி எதற்கு என்றுதான் இருந்தது. மற்றக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்களே. வார்டுக்குப் போன் போட்டான்.

"சிஸ்டர், இப்ப அடி வரைக்கும் வருதா?"

நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால் அக்காவின் பக்கமே திறந்து கிடந்தது. "ரெஃப்ரெஷ் பண்ணவா தம்பி?"

"பண்ணுங்க."

"வருது," என்றாள். பிறகு மெதுவாக வாசித்தாள். "பென்சிலின் ஒத்துக்காது. தகவல் சொன்னவர், நோயாளியின் தம்பி."