துஷா மைக் பிடித்த வருடம்

கல்யாண மண்டபத்தில் பாடுவது என்பது, சாப்பிடுகிற சனத்தின் முதுகைப் பார்த்துப் பாடுகிற தொழில். 2009இல் லண்டன் மேடைகளில் ராப்பிடம் மைக்கைப் பறிகொடுத்த என் சக பாடகர்களே, இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

இல்ஃபோர்டில் பிறந்தநாள்

எங்கள் இசைக்குழுவை நடத்திய ரவி அண்ணை, துஷா என்ற இருபத்துநாலு வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்தார். மருந்துக்கடையில் வேலை, லீவு நாளில் ராப். பத்து வருடம் சாதகம் செய்த குரலில் நான் பாடியபோது சனம் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றது. அவள் தமிழும் இங்கிலீசும் கலந்து மூச்சு விடாமல் பொரிந்து தள்ள, வரிசை கலைந்து மேடைக்கு முன்னால் வந்துவிட்டது. சுருதியும் இல்லை, ராகமும் இல்லை, இதற்கா இவ்வளவு விசில் என்று எனக்கு வயிறு எரிந்தது.

விழாக்காரர் என்னிடம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. அந்தப் பிள்ளையிட்டை மைக்கைக் குடுத்திட்டு நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

குட்மேய்ஸில் ஒத்திகை

இது என்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு ராப் எழுதினேன். வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பழகினேன். மூன்றாவது வரியிலேயே மூச்சு முட்டியது. சமையலறையில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, ஆரோடை சண்டை? வீட்டுவரி கேக்கிற கவுன்சில்காரரோடையா?"

லூயிஷாமில் கல்யாணம்

அன்றைக்கு ஒரு கேவலமான வேலை செய்தேன். துஷா பாடும்போது அவள் மைக்கின் சத்தத்தை சவுண்ட் மிக்ஸரில் குறைத்துவிட்டேன். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, சனத்துக்கு நடுவில் நின்று வெறும் குரலில் தொடர்ந்தாள். முதலில் ஜெர்மனியிலும் பிறகு லண்டனிலும் விடியற்காலையில் ஆபீஸ் துடைத்த தன் அம்மாவைப் பற்றிய பாட்டு அது. சாப்பிட்ட கைகள் அப்படியே நின்றன. வந்த புதிதில் நானும் ஆபீஸ் துடைத்தவன்தான். அதையெல்லாம் ஒரு பாட்டில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வெட்கம் தாங்காமல், சத்தத்தைக் குறைத்தது நான்தான் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் அண்ணா. நீங்கள் பாடேக்கை நானும் அப்பிடிச் செய்ய யோசிச்சனான். எனக்கு உங்களை மாதிரி ஒரு வரிகூடப் பாட ஏலாது, அந்த எரிச்சல்தான்."

அவளுக்குக் கைதட்டு விழும்போது எனக்கு இன்றைக்கும் எரியத்தான் செய்கிறது, ஆனால் தட்டுகிற கைகளில் இரண்டு என்னுடையவை.