மூன்றாவது கியரில் ஒரு மேடு

என் கணவரின் அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்குச் சாதா என்ற சொல்லே ஆகாது. எங்கள் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டிக்குக்கூட பாட்டில் தண்ணீர்தான் ஊற்றுவார். கைக்குட்டையை இரண்டு முறை தேய்ப்பார். கல்யாணம் பேச ஒரு வீட்டுக்குப் போனவர், ஜன்னல் திரை கசங்கிக் கிடந்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் தேய்த்து எடுத்துப்போய் மாட்டியும் விட்டார். பெண் எப்படி என்று கேட்டதற்கு, "பருத்திதான், ஆனா நல்ல நெசவு" என்றார். அதன்பிறகு அவருக்கு யாரும் பெண் தேடவில்லை.

அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்தவர் அவர்தான். கடையைப் பெரிதாக்கியதும் அவர்தான். தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் ஒரு வெளிர்நீலக் கார். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தீர்த்த வண்டி. பெட்ரோல் மூடிக்குப் பின்னால் 'சாதா பெட்ரோல் போதும்' என்று கம்பெனிக்காரர்களே ஒட்டியிருந்தார்கள். மாமா அதை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"மூஞ்சிக்கு நேரா இப்படி எழுதி வெச்சா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

காரை அவர் 'அவங்க' என்றுதான் சொல்வார். என் கணவரை 'டேய்' என்பார்.

மாமா தன் முறை வரும்போது உயர்ரகப் பெட்ரோல் போடுவார். என் கணவர் முறையில் சாதா. இரண்டும் ஒரே டாங்கியில் கலந்துவிடும் என்பதை மாமா ஒப்புக்கொள்ளவில்லை. ஒசத்தியானது பாலாடை மாதிரி மேலே நிற்கும் என்பது அவர் கணக்கு.

"நான் போடறதை எல்லாம் நீ ஓட்டியே தீர்த்துடற, டேய்."

"எப்படிண்ணே தீரும்? குழாய் அடியில இருந்துதானே உறிஞ்சுது. உங்களுது மேலயே பத்திரமா இருக்கும். இனிமே நீங்க போடவே வேணாம்."

மாமா அன்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து வெகுநேரம் இதையே யோசித்தார். மறுநாளிலிருந்து புறப்படுவதற்கு முன் காரைப் பிடித்து நன்றாக ஆட்டிவிட ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்கள் உள்ளே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து உதவிக்கு ஓடி வருவார்கள்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரி ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மூட்டைகளோடு கார் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறும். பின்னால் வரும் ஆம்புலன்ஸ்காரர் இறங்கி நடந்து வந்து, "பெரியவரே, உள்ள இருக்கறவரு உங்களுக்காகக் காத்திருக்க மாட்டாரு" என்று ஒருநாள் பணிவாகச் சொன்னார். என் கணவர் காரை விற்றுவிட்டுச் சின்ன சரக்கு வேன் வாங்கலாம் என்றார். வாங்கிக்கொள்ள ஒரு தச்சர் வந்து பார்த்துவிட்டும் போனார். அவர் கதவைத் தட்டிப் பார்த்த விதம் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கைக்குட்டைகளை ஒரே முறைதான் தேய்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

கடைசியில் அவரே சொன்னார்: "கலப்படம்தான் கோளாறு. சுத்தமா ஒசத்தியானதை மட்டும் போட்டா மூணாவது கியர்லயே மேடு ஏறுவாங்க."

"ஏறினா வெச்சுக்கலாம்ணே. ஏறலைன்னா வித்துடணும்" என்றார் என் கணவர்.

நடுவராக மெக்கானிக் வந்தார். டாங்கியைக் காலி செய்து உயர்ரகப் பெட்ரோலை ஊற்றினார்.

"அழுத்தம் ஜாஸ்தியா இருக்கற என்ஜினுக்குத்தான் இது. சாதா ஊத்தினா அது உள்ள டொக்டொக்குன்னு தட்டும். இந்த வண்டிக்கு அந்த வியாதியே கிடையாது. வியாதி இல்லாதவனுக்கு மருந்து எதுக்குங்க?"

"நீ பேசாம ஏறு" என்றார் மாமா.

மூட்டைகளோடு கார் பாதி மேட்டில் நின்று பின்னால் உருண்டது. பின்னாலேயே நடந்து வந்த நான் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். மாமா இறங்கி, "சுமை ஜாஸ்தி" என்றார். மூட்டைகளை இறக்கினோம். மறுபடி முக்கால் மேட்டில் நின்றது. பின்சீட்டைக் கழற்றினோம். அப்புறம் மாற்றுச் சக்கரம், ஜாக்கி, என் கணவர், மெக்கானிக். மாமா தன் செருப்பையும் கடைச் சாவிக்கொத்தையும் என் கையில் கொடுத்தார். கொஞ்சம் யோசித்துப் பல்செட்டையும் கழற்றிக் கொடுத்தார்.

கார் மூன்றாவது கியரில் மேலே போய்விட்டது. மாமா உச்சியில் நின்று பல்லில்லாமல் சிரித்தார்.

"ஆட்டம் இன்னும் முடியலை" என்றார் மெக்கானிக். அவர் கறாரான ஆள். காரைக் கீழே இறக்கச் சொல்லி, டாங்கியை மறுபடி காலி செய்து சாதா பெட்ரோலை ஊற்றினார். மாமா அதே மாதிரி வெறுங்காலோடு உட்கார்ந்தார். கார் அதே மூன்றாவது கியரில், அதே சத்தத்தோடு ஏறியது.

நாங்கள் நடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் பல்செட்டை நீட்டினேன். மாட்டிக்கொண்டார்.

"பெட்ரோல்ல ஒண்ணுமில்லைண்ணே. பார்த்தீங்கல்ல?" என்றார் என் கணவர்.

மாமா இறங்கிப் பானெட்டைத் தடவினார்.

"இத்தனை நாளா நான்தான்டா புரிஞ்சுக்கலை. அவங்களுக்கு ஆடம்பரம் பிடிக்காது. வாய்விட்டுச் சொல்லவும் தெரியலை, பாவம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன். மேடு ஏறினால் வைத்துக்கொள்ளலாம் என்றவர் அவர்தானே. எதை ஏற்றிக்கொண்டு ஏற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"சரி, விக்கலை. ஆனா விரிப்பெல்லாம் கீழ கிடக்கே?"

"அதை அவங்க மேல ஏத்தாதே."

இப்போது தவணையில் வாங்கிய வேனில் நானும் என் கணவரும் மூட்டைகளைக் கொண்டுபோகிறோம். முன்னால் மாமா, பின்சீட் இல்லாத காலிக் காரில், சாதா பெட்ரோலில், மூன்றாவது கியரில் போகிறார். எங்களுக்கு வழிவிடச் சொல்லி ஹாரன் அடிக்கிறார். வழியில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.