ஊரறிந்த பெயர்

என் மகனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களுக்கு உடனே ஒரு முகம் வந்து நிற்கும். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்களே, அந்த நடிகரின் முகம். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் அவர்தான். எனக்கு மட்டும் வேறொரு முகம் வரும். பரமத்தி வேலூரில் வாழைத்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிற ஒருவரின் முகம். என் மனைவியின் அத்தை மகன். நடிகருக்கும் அவருக்கும் ஒரே பெயர்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருக்கிறது. லாரி நெற்றியில் சாமி பெயர், பைக் பின்னால் நடிகர் பெயர், கார் கண்ணாடியில் பிள்ளைகள் பெயர். மிஷின் வெட்டித் தரும். எழுத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளை ஊசியால் குத்தி எடுப்பது என் வேலை. அந்தப் பெயரை வாரத்துக்கு நாலு முறையாவது உரித்துக் கொடுத்திருப்பேன். படம் வெளியாகும் வாரத்தில் கணக்கே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அது வெறும் எழுத்தாகத்தான் இருந்தது.

என் மனைவிக்கும் அந்த அத்தை மகனுக்கும் சின்ன வயதிலிருந்தே கல்யாணப் பேச்சு இருந்தது. இதை என்னிடம் யாரும் மறைக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்றே மாமனார் சொல்லிவிட்டார்: "பையன் தங்கமானவனுங்க. ஆனா தோட்டம் பாக்கறவனுக்குப் புள்ளயக் குடுத்து, அதுவும் காட்டுலயே கெடக்கறதானுங்க?" டவுனில் கடை வைத்திருக்கிறவன் என்பதால் எனக்குக் கிடைத்தாள். அந்த அத்தை மகனைவிட நான் உயரமும் இல்லை, நிறமும் இல்லை. அவர் ஒரு பேச்சுப் பேசினால் பந்தியே சிரிக்கும். நான் பேசினால் சாம்பார் ஊற்றுகிறவர் "என்னங்க?" என்று திரும்பக் கேட்பார்.

எங்கள் கல்யாணப் பந்தியில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இலை போட்டவர் அவர்தான். அவருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. விவசாயம் பார்க்கிறவனுக்கு எவன் பெண் கொடுக்கிறான் என்று ஊர் சொல்கிறது. இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் விஷயத்தில் அதுதான் காரணம் என்று என்னால் நம்ப முடிந்ததே இல்லை.

எங்கள் பக்கத்தில் முறை என்பது ஆளை லேசில் விடாது. மனைவியின் கூடப்பிறந்தவன் என்றால் என் மகனுக்கு மாமா. அத்தை மகன் அப்படியில்லை. அவளைக் கட்டிக்கொள்ளும் முறையுள்ளவர். கட்டியிருந்தால் அப்பா ஆகியிருப்பார். அதனால் கட்டாமல் போனாலும் பிள்ளைக்கு அவர் பெரியப்பா. எனக்குப் பங்காளி முறை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணா என்று கூப்பிட வேண்டும். வயிறெரிய வைக்கிற ஆளை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அவள் அவரை மாமா என்பாள். என்னை ஏனுங்க என்பாள். கல்யாணமான புதிதில், என்னையும் மாமா என்று கூப்பிடேன் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அது சொந்தத்துல கட்டுனவங்க கூப்புடறதுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒன்றுமில்லை. அது தெரிந்தும் இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

பிரசவத்துக்குப் பரமத்தி வேலூருக்குத் தாய்வீடு போனாள். மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவேன். அவர் தோட்டத்துக்கும் மாமனார் வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். ஒரு ஞாயிறு உள்ளே நுழைந்தால் என் மகன் அவர் மடியில் கிடக்கிறான். "பெரியப்பனப் பாரு, பெரியப்பனப் பாரு" என்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். பிறந்து இருபது நாளான குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாங்கினேன். வாங்கியதும் அழுதது.

"புது ஆளுன்னு பாக்கறான் போலருக்குதுங்க தம்பி" என்றார் அவர், தமாஷாக. மாமியார்கூடச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அப்பனைப் பார்த்தா புது ஆள் என்கிறாய் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

அவர் போன பிறகு பெயர்ப் பேச்சு வந்தது. ஜோசியர் மூன்று எழுத்து கொடுத்திருந்தார். நான் செல்போனில் தேடி வைத்திருந்த பெயர்களை வாசித்தேன். எதற்கும் அவள் தலை அசையவில்லை. கடைசியில், குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "நம்ம ஹீரோ பேரு வெக்கலாமுங்களா? எழுத்தும் ஒத்து வருதுங்க" என்றாள்.

மாமனார் தொடையைத் தட்டினார். "அட, மாப்ள தெனமும் ஒட்டறதே அந்தப் பேருதானுங்களே!"

சினிமாக்காரர் பெயர் எதற்கு என்றேன். நாளைக்கு அவர் ஏதாவது வம்பில் மாட்டினால் பள்ளிக்கூடத்தில் இவனைத்தானே கிண்டல் செய்வார்கள் என்றேன். வகுப்பில் அஞ்சு பேர் அதே பெயரில் இருப்பார்கள் என்றேன். எல்லாம் நியாயமான காரணங்கள்தான், ஒன்றும் என் காரணம் இல்லை. என் காரணத்தைச் சொல்லியிருந்தால், அதுவரை யாரும் பேசாத ஒன்றை நானே கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்ததாகியிருக்கும்.

அவள் வாதாடவில்லை. "வேண்டாமுன்னா உட்டுருங்க" என்றாள். அவ்வளவுதான். அவளுடைய அப்பா அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றபோதும் இப்படித்தான் ஒரே வார்த்தையில் விட்டிருப்பாள் என்று எனக்குப் பட்டது. அவளிடமிருந்து இரண்டாம் முறை ஒன்றைப் பிடுங்குகிறவனாக நான் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நல்ல எண்ணம் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். பயந்துவிட்டான் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்கிற வீம்புதான் பெரும்பங்கு. "அதே வெச்சரலாம்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் அது உறைத்தது. அவள் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. நம்ம ஹீரோ பேரு என்றுதான் சொன்னாள். போஸ்டரைக் காட்டினாலும் நம்ம ஹீரோ படம் என்பாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் பெயரையும் அவள் சொல்ல மாட்டாள்; கட்டியவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவள் அம்மா பழக்கிய பழக்கம். வங்கியில் கணவர் பெயர் கேட்டால்கூட என் ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவாள். இந்த உலகத்தில் அவள் வாயால் சொல்லாத பெயர்கள் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று ஏன்?

நாமக்கல் வந்து இறங்கும்வரை இதையே மென்றுகொண்டிருந்தேன்.

பெயர் வைக்கிற அன்று அவர் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்தார். என் அக்கா, குழந்தையின் அத்தை என்ற உரிமையில், காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். யாரோ ஒரு கிழவர், "உன்ற பேரைத்தான் வெச்சிருக்காங்களாமா?" என்று அவரிடம் கேட்டேவிட்டார். "எம்பேரு எங்கீங்க? அது சினிமாக்காரரு பேருங்க" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். குனிந்து இலையில் உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது இலையில் இரண்டு முறை உப்பு வைத்தாள். இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன் என்றால் என் புத்தி எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் என் கையாலேயே அந்தப் பெயரை எழுதினேன். வாங்கிப் படித்த அலுவலர், "நீங்களும் நம்மாளுங்களா?" என்று கை குலுக்கினார். ரசிகர் மன்றத்துக்காரர்கள் கடைக்கே கேக்கோடு வந்துவிட்டார்கள். "அண்ணா, இத்தன நாளா நீங்க ரசிகருன்னே தெரியாமப் போச்சே!" பட்டறை வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் நடிகர், மூலையில் என் மகன், கீழே கைகூப்பியபடி நான். அவளுடைய ஆசைக்கு ஊர் பார்க்க நான் முட்டுக்கொடுத்து நின்றேன். பிளெக்ஸைப் பார்த்துவிட்டு அவள், "நல்லா இருக்குதுங்க" என்றாள். என்னைச் சொன்னாளா, பையனைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பையனைத் தம்பி என்று கூப்பிட்டேன். அந்தப் பெயர் என் நாக்கில் புரளாது. அவள் சாமி என்பாள். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் சாமி என்று கூப்பிடலாம். பிள்ளையையும் கூப்பிடலாம், பெரியவரையும் கூப்பிடலாம். அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டும்போது சாமி, சோறூட்டும்போது சாமி, முதுகில் ஒன்று வைக்கும்போதும் சாமிதான். நான் கடைக்குப் போன பிறகு சொல்வாளாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு வாசலில் நின்று கேட்டதும் உண்டு. இரண்டரை வருடம் இப்படியே போனது.

போன தை மாதம் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வழியனுப்ப அவர் வந்திருந்தார், வழக்கம்போலத் தாரோடு. நான் தாரைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். அவள் பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பையனைக் காணவில்லை.

"சாமி! சாமி!" என்று அவள் கத்தினாள். பூக்கார அம்மா திரும்பினார். ஒரு கண்டக்டர் திரும்பினார். எதிர் பஸ்ஸின் ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. வேலூர் பஸ் ஸ்டாண்டில் சாமி என்றால் யார்தான் திரும்ப மாட்டார்கள்?

"பேரச் சொல்லிக் கூப்புடு!" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பின்னால் வந்த ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நானே கத்தினேன். அந்தப் பெயரை, தொண்டை கிழிய, வாழ்க்கையில் முதல் முறையாக.

பத்தடி தூரத்தில், பிஸ்கட் கடை வாசலில், அவர் திரும்பினார். "ஏனுங் தம்பி?" என்றார். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு என் மகன் நின்றிருந்தான். அவன் திரும்பவில்லை. கண்ணாடி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்போதும் அவர்தான் பார்த்தார். என் பிள்ளைக்கு அது தன் பெயர் என்று தெரியவில்லை. ஒருநாளும் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் கூப்பிட்டதில்லை. நான் இல்லாத நேரத்திலும் அவள் கூப்பிட்டதில்லை.

அவர் பிஸ்கட் பாக்கெட்டையும் பையனையும் என்னிடம் கொடுத்தார். "பின்னாடியே வந்துட்டானுங்க. சொல்லீட்டுக் கூட்டிட்டு வந்திருக்கோணும், என் தப்புத்தான்" என்றார். அவர்மேல் கோபப்பட நல்ல சந்தர்ப்பம், நியாயமும் இருந்தது. "பரவால்லீங்கண்ணா" என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது.

பஸ் ஊரைத் தாண்டியதும் கேட்டேன். "ஒரு தடவகூடவா அந்தப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல?"

அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க மொதல்ல கூப்புடட்டுமுன்னு இருந்தனுங்க" என்றாள்.

எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒட்டுக் கேட்டதுகூடத் தெரிந்திருக்கலாம். பையனை மடியில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டேன். "உம்பேரு என்ன?" என்றேன். "சாமி" என்றான். இல்லை என்று சொல்லி, அவன் மார்பில் விரலை வைத்து, அந்தப் பெயரைச் சொன்னேன். பிஸ்கட் வாயோடு திருப்பிச் சொன்னான்; முதல் எழுத்து விழுந்துவிட்டது. மறுபடி சொன்னேன். மறுபடி சொன்னான். நாமக்கல்லில் இறங்குவதற்குள் நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டான்.

இப்போது வீட்டில் நான் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். காலையில், சாப்பிடும்போது, கடையிலிருந்து வந்ததும், வேண்டுமென்றே அவள் காதுபடச் சொல்கிறேன். முதலில் நான் கூப்பிட வேண்டும் என்றாள், கூப்பிட்டுவிட்டேன். மாதங்கள் ஆகிவிட்டன. அவள் இன்னும் சாமி என்றுதான் கூப்பிடுகிறாள்.