முறியாத ஆறு மாதம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்திருப்பதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலை தேடி அலைகிற பிள்ளைகளுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. நாலு பேர், இரண்டு இடம்

உருத்திரபுரத்தில் அப்பாவுக்குக் கிடைத்த குடியேற்றக் காணி அண்ணனுக்குப் போனது. அதைப் பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் நான் நீர்ப்பாசன வாய்க்காலில் நாள் கணக்கில் எடுக்கிற கசுவல் கூலியானேன்.

காலையில் மண்வெட்டியோடு மடையடியில் நாலு பேர் நிற்போம். வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் இருவரைத்தான் எடுப்பார். சண்டை வராமலிருக்க முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் நானும் முல்லைத்தீவிலிருந்து வந்த காசிம் நானாவும், மறுநாள் மணியண்ணரும் சின்னராசாவும். வேலையில்லாத நாளில் விறகு வெட்டுவோம், வயல் வயலாகக் கூலி கேட்டுத் திரிவோம். ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை, ஒருவரும் நிமிரவுமில்லை. அப்படியே சில மாரிகள் போயின.

2. விட்டுக்கொடுத்த முறை

மடையைத் திறந்து பூட்டி வயல்களுக்குத் தண்ணீர் விட்ட கிழவர் ஓய்வுபெறப் போவதாகத் தெரிந்தது. அது பென்சன் உள்ள நிரந்தர வேலை. எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் நிரந்தர வேலைக்காரனுக்குத்தான் கொடுப்போம் என்று நின்றார்கள். அந்த இடத்தை எனக்குத் தரச்சொல்லி ஓவசியரிடம் கேட்டேன்.

"ஆறு மாதம் முறியாமல் வேலை செய்த ஆள் வேணும். நீங்கள் இண்டைக்கு ஒருத்தன், நாளைக்கு ஒருத்தன். நான் ஆரைக் காட்டிறது?"

நாங்கள் போட்ட ஒழுங்கே எங்களைக் கட்டிப்போட்டிருந்தது. மற்ற மூவரும் கூடிக் கதைத்தார்கள். ஒரு இடம் எப்போதும் எனக்கு, மற்றதைத் தாங்கள் மாறி மாறிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். நான் மறுத்தேன்.

"ஒருத்தனெண்டாலும் கரையேறட்டும் தம்பி. நீ மடைக்காரனானால் என்ர வயலுக்கு முதல் தண்ணி விடுவாய்தானே" என்றார் காசிம் நானா.

"உனக்கு ஏதடாப்பா வயல்?" என்றார் மணியண்ணர். எல்லாரும் சிரித்தோம்.

3. முறிவு

காய்ச்சலோடும் போனேன். மத்தியானச் சோறு தின்ன உட்கார்ந்தால், தின்பது அவர்களுடைய கூலி என்று இருக்கும். ஆறு மாதம் நிறைய ஒரு கிழமை இருக்கையில் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு வராதை. நாளண்டைக்கு வா."

"முறிஞ்சுபோமெல்லோ, ஐயா."

"முறியத்தான் வேணும். பிறகு நிரந்தரம் கேப்பினம், கசுவல் ஆக்களை ஆறு மாதம் நிறைய விடவேண்டாமெண்டு மேலயிருந்து சொல்லிப்போட்டினம்." கையிலிருந்த பெயர்ப் புத்தகத்தை மடித்தார். "நானும் இன்னும் டெம்பரரிதான்ரா. பத்து வருசமாகுது."

அதற்குப் பிறகு அவரோடு கோபிக்கவும் முடியவில்லை.

பிள்ளைகளே, உழைப்புப் போதாமல்தான் ஒருவன் தற்காலிகமாகவே கிடக்கிறான் என்று நினைக்காதீர்கள். அவன் அப்படிக் கிடப்பது யாருக்கோ வசதியாக இருக்கிறது. சேரும்போது கூலியை மட்டும் கேளாமல், எதுவரை வேலை என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த நாள் நான் வீட்டில் நின்றேன். என் இடத்துக்குக் காசிம் நானா போனார். மடை வேலையும் கல்யாணப் பேச்சும் அதோடு போயின. பழைய முறை திரும்பவும் தொடங்கியது.