தூக்க முடியாத கையும் தூக்க மாட்டாத கையும்

இந்த நாட்டில் தோள் நோகிறது என்று போனால் மாத்திரையும் தரமாட்டார்கள், எண்ணெயும் தரமாட்டார்கள். ஒரு கடதாசி தருவார்கள். அதில் கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு மனிதன் கதவு நிலையில் முன்கையை ஊன்றி நிற்பான். ஒரு கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடிப்பான். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவான். இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் முப்பது எண்ண வேண்டும். கையை உயர்த்தும்போது தோள் எலும்புக்குக் கீழே தசைநார் நெரிபடுகிறது, மெல்ல மெல்லத்தான் இளக்கலாம் என்றார் ஃபிசியோதெரபிஸ்ட். நான் சமையலறைக் கதவில் கையை ஊன்றி எண்ணினேன். எண்ணும் நேரமெல்லாம் மனதில் நின்றவள் ஒருத்திதான்.

நோர்வேக்காரர் எங்கள் நாட்டுக்குச் சமாதானம் பேசப் போய்வந்த காலம் அது. நானோ ஒஸ்லோவில் ஹோட்டல் துணி வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில், ஈரம் சுமந்த படுக்கை விரிப்புகளைத் தலைக்கு மேலே ஓடும் கொளுக்கிகளில் கொழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் என் கை பழகிய வேலையெல்லாம் கீழ்நோக்கியது. உரலில் இடித்தாலும் கிணற்றில் அள்ளினாலும் பாரம் கீழேதான் இழுக்கும். இங்கே கொளுக்கி நோர்வேக்காரரின் உயரத்துக்கு. என்னைப் போன்ற குள்ளமானவர்கள் ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி இருந்தது. தள்ளுவண்டிக்கு இடைஞ்சல் என்று அதை எடுப்பித்தவர் எங்கள் மேற்பார்வையாளர் கிருபாக்கா. யாழ்ப்பாணத்தில் என் பக்கத்து ஊர். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்ததும் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை.

"அக்கா, அந்தப் பெட்டியைத் தாங்கோ. எட்டி எட்டித் தோள் இழுக்குது."

"ரெண்டு கிழமை பொறு தங்கச்சி, பழகிப் போகும்."

ஏழு மாதம் பொறுத்தேன். பிறகு தலை சீவவும் வலது கை உயரவில்லை. முதலாளி என்னை அழைத்து, ஏன் வேலை பிந்துகிறது என்று கேட்டார். மொழிபெயர்க்கக் கிருபாக்கா பக்கத்தில் இருந்தார். "கையைத் தூக்க ஏலாமல் கிடக்கு" என்றேன். கிருபாக்கா சொன்ன நோர்வேஜிய வசனத்தில் 'வில் இக்கே' என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்தன. முதலாளி என்னைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மறு கிழமை எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

ஒரு மாதம் கழித்து, மொழி வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். 'கான் இக்கே' என்றால் முடியாது. 'வில் இக்கே' என்றால் மாட்டேன். பேனையை மூடி வைத்தேன். அன்றைக்கு முதலாளியிடம் கிருபாக்கா சொன்னது இரண்டாவது. தோள் நோகிற ஒருத்தியை வேலைக்கள்ளி ஆக்கியிருக்கிறார், அதற்கு என் தலையையும் ஆட்டவைத்திருக்கிறார். ஏனென்றும் விளங்கியது. தோள் வருத்தம் உண்மையென்றால் பெட்டியை எடுத்தது யார் என்ற கேள்வி வரும்.

ஊரென்றால் வேலியில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அன்றைக்கே கோபம் தீர்ந்திருக்கும். இங்கே வேலி இல்லை. ஆகையால் தோளைத் தேற்றினேன், பாஷையைப் படித்தேன். பயிற்சியில் எண்ணுவதையும் நோர்வேஜியத்திலேயே எண்ணினேன். ஃபிசியோதெரபிஸ்ட் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தோளைத் தாழ்த்துங்கள்" என்றார். தாழ்த்தினேன். மறுபடியும் அதையே சொன்னார். இன்னும் தாழ்த்தினேன். அவர் சிரித்து, "மனதை இளக விடுங்கள் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது" என்றார். தோளைத் தாழ்த்தலாம், மற்றது முடியாது என்று சொல்ல எனக்கு அப்போது சொற்கள் போதவில்லை.

கோடையில் போதின. ஃபிசியோதெரபிஸ்டின் கடிதத்தோடு முதலாளியிடம் போய், கிருபாக்காவும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். இம்முறை நானே கதைத்தேன். "அன்றைக்கு நான் முடியாது என்றேன். மாட்டேன் என்று சொன்னது இவர். பெட்டியை எடுப்பித்ததும் இவர்." முதலாளி கிருபாக்காவைப் பார்த்தார். கிருபாக்கா மேசையைப் பார்த்தார். எனக்குத் தந்த எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது, பெட்டி வந்தது. கிருபாக்கா மேற்பார்வையிலிருந்து இறக்கப்பட்டு எனக்கு அடுத்த கொளுக்கிக்கு வந்தார்.

"நீ முதல்லை என்னட்டைக் கேட்டிருக்கலாம், வசந்தி" என்றார், விரிப்பை உதறிக்கொண்டே. 'தங்கச்சி' போய்ப் பெயர் வந்துவிட்டது.

"கேட்டனான் அக்கா. ரெண்டு கிழமை பொறுக்கச் சொன்னியள்."

அவர் எட்டி எட்டிக் கொழுவுவதை நாள் முழுதும் பார்த்தேன். பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதில் நான் நின்றேன். இறங்கிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. மூன்றாம் மாதம் அவர் இடது கையால் வலது தோளை அமுக்கிக்கொண்டு நின்றபோதும் இனித்தது. பிறகு அவர் வேலையை விட்டுவிட்டுப் பேர்கனில் மகளிடம் போய்விட்டார்.

கதை எனக்கு முன்னாலேயே ஊர்ச்சனத்திடம் போயிருந்தது. ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல், "வெள்ளைக்காரனிட்டை எங்கடை ஆளைக் காட்டிக் குடுத்தவ" என்றது. திரும்பிப் பார்த்தேன். அங்கே நின்ற மூன்று தமிழ்ப் பெண்களும் வெங்காயம் பார்த்தார்கள்.

அடுத்த கோடையில் இங்குள்ள கோயில் தேருக்குப் போனேன். வடம் பிடித்தபோது எனக்கு முன்னால் நின்றவர் மற்றப் பக்க வடத்துக்கு மாறினார். பின்னால் நின்றவரும் மாறினார். அந்த வெறுங்கயிற்றின் நடுவில் நான் தனியே இழுத்தேன். நடைபாதையில் வேடிக்கை பார்த்த நோர்வேக்காரர்களுக்குள்ளிருந்து யாரோ என் பெயரைப் பிழையாக உச்சரித்துக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் பெண். வலது கையைத் தலைக்கு மேலே முழுவதுமாக உயர்த்தி அசைத்தேன். இடது கை வடத்தை விடவில்லை.