உபதேசியார் அப்பாதுரையும் உள்ளிருந்த கணினியும்

விழுப்புரத்திலிருந்து கெடாருக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் அப்பாதுரை முப்பது ஆண்டுகளாக ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்; அலுவலக எழுத்தரும் அவரே. உபதேசியார் தும்மினாலும் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதுவார் என்று ஊரார் சொல்வதுண்டு.

கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவுப் புத்தகங்களைக் கறையான் தின்பதற்கு முந்தைய ஆண்டிலேயே, அவற்றை வரிவரியாகக் கணினியில் ஏற்றியிருந்தார். அந்தக் கணினி பழுதானபோது, திண்டிவனத்தில் கணினிக் கடை வைத்திருந்த சுதாகர் புதிய கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டு, பழைய கணினியில் இருந்ததை அப்படியே அதனுள் குடிவைத்துக் கொடுத்தார். திரைக்குள் ஒரு சிறு திரை திறக்கும். பதிவுகள் அதற்குள் இருக்கும்.

2012 பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை, களையெடுக்கும் வேலையைப் பாதியில் விட்டு லூர்துமேரி வந்து நின்றார். மகள் அமலாவுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை. ஞானஸ்நானச் சீட்டு காட்டினால்தான் அந்தப் பங்கில் திருமண அறிவிப்பான ஓலையை வாசிப்பார்கள்; மூன்று ஞாயிறு வாசித்தால்தான், திருமணங்கள் நடக்காத தவக்காலத்துக்கு முன்பு திருமணம் நடக்கும். முதல் ஞாயிறு நாளை.

"மாப்ள மார்ச்சுல கத்தார் போறாரு உபதேசியாரே. போனா ரெண்டு வருஷம். அவங்கம்மா இப்பவே வேற எடம் பாத்துக்கினு கீது."

"குந்தும்மா. அஞ்சு நிமிஷம்."

சிறு திரை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. உள்ளிருக்கும் அமைப்பைத் தொடங்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. அக்டோபரில் திறந்தபோது ஒழுங்காகத்தான் திறந்தது. மென்பொருளை மூடித் திறந்தார். கணினியை அணைத்துப் போட்டார். சுதாகர் தந்திருந்த குறுந்தகட்டிலிருந்து மென்பொருளை மீண்டும் நிறுவினார். ஒவ்வொன்றையும் எண்ணிட்டு எழுதினார். பதினோரு முயற்சிகள், பதினோரு முறையும் அதே வரி.

"இன்னா, உள்ள கீற பொண்ணு வெளிய வர வெக்கப்படுதா?" என்று லூர்துமேரி சிரிக்கப் பார்த்தார்.

அப்பாதுரை சுதாகரைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறார்.

"ஃப்ளைட்ல ஏறிக்கினு இருக்கேன் சார், ஜல்தியா சொல்லுங்க. பெட்டிய யாருனா தொறந்தாங்களா? எதனா மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலப்பா. நோட்டு கையில இருக்குது."

"அப்ப எனக்கே புரியல சார். வெள்ளிக்கெழம நேர்ல வர்றேன்."

தொடர்பு அறுந்தது.

"அமலா ஞானஸ்நானத்தன்னிக்கி நீங்கதான மெழுகுவத்தி புடிச்சீங்க? தெரிஞ்சத எழுதிக் குடுங்க," என்றார் லூர்துமேரி.

"நம்பரும் தேதியும் இல்லாம எப்பிடிம்மா எழுதறது? பொய் எழுதுன கை ஆயிடும்."

ஞானஸ்நானத்தைக் கண்ணால் கண்டதாக மட்டும் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதை மடித்து எடுத்துக்கொண்டு லூர்துமேரி பேருந்து ஏறினார்.

குறிப்பேட்டை வைக்க அப்பாதுரை அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டி கால் பட்டுச் சாய்ந்தது. அதற்குள்ளிருந்து சிறகு வைத்த தேவதூதர் பொம்மை, குடிலின் சம்மனசு, பாடத் தொடங்கியது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அந்தப் பொம்மை ஊமையாகிவிட்டது, பிள்ளைகள் காத்திருந்தார்கள். கரண்டில் ஓடும் பெட்டிக்குப் பேட்டரி எதற்கு என்று, கணினியைத் திறந்து பொத்தான் போன்ற பேட்டரியைக் கழற்றிப் பொம்மைக்குப் போட்டவர் அவரேதான். குடில் வேலை கோயில் வேலை. அலுவலகக் குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை. அதன்பின் காலைதோறும் கணினியில் தேதி தவறியிருந்ததை மட்டும், 'தேதி பிழை, திருத்தப்பட்டது' என்று ஒரு மாதத்துக்கும் மேலாக எழுதி வந்திருக்கிறார்.

பொம்மையின் பேட்டரியைக் கழற்றிக் கணினியில் முன்பு இருந்த இடத்தில் வைத்தார். அதே வரி. மின்சாரம் நின்ற நேரங்களில் கணினி தேதியைப் போலவே தன் அமைப்புகளையும் மறந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. தனக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் அனுமதியும் அவற்றோடு போயிற்று. பேட்டரியை வைத்தால் அது தானாகத் திரும்பாது. அதைத் திரும்பக் கொடுப்பது இரண்டே நிமிட வேலை என்று சுதாகர் சொன்னது அடுத்த வெள்ளிக்கிழமை. இந்தச் சனிக்கிழமை அதன்பின் சுதாகரின் தொலைபேசி அணைந்தே கிடந்தது.

மாலை ஐந்தரைக்கு லூர்துமேரி அழைத்தார்.

"லெட்டரு செல்லாதுன்னுட்டாரு திண்டிவனத்து ஃபாதரு. உங்களுக்கு எதனா கெடச்சுதா?"

"ஏன் ஓடலன்னு கெடச்சுதும்மா. தப்பு என்னுது."

"சீட்டு?"

"நாளைக்கு இல்லம்மா. வெள்ளிக்கெழமதான்," என்றார் அப்பாதுரை. சாய்ந்த பெட்டிக்குள் ஊமையாகிக் கிடந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.