பாண்டியின் பெட்டியில் இரண்டரைக் கிலோ

1. தராசு

அல்லிநகரத்தில் ஒரு டிராவல்ஸில் பதினோரு வருடம் டிக்கெட் போட்டேன். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் டிக்கெட் விலை இல்லை. அது எல்லாக் கடையிலும் ஒன்றுதான். ஏலக்காய் மூட்டை நிறுக்கிற பழைய தராசு ஒன்று எங்களிடம் இருந்தது. கொச்சிக்கு வேன் ஏறுமுன் பெட்டியை அதில் வைத்து, எக்ஸஸ் பேக்கேஜ் கட்டணம் வராதபடி நான் அடுக்கிக் கொடுப்பேன். கனமான ஷூவைக் காலில் மாட்டு, சார்ஜரைச் சட்டைப் பையில் வை என்பேன். அப்படியும் மிஞ்சினால் கூடப் போகிற ஆளின் பெட்டியில் இடம் பார்ப்பேன்.

"இவரு கைபட்டா ஒத்த ரூவா எக்ஸஸ் கட்ட வேண்டியதில்ல" என்று முதலாளி பெருமையடிப்பார். எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் ஒருநாள் ஒரே விமானத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். குமரேசன் கம்பத்துக்காரர், வளைகுடாவில் ஃபோர்மேன், லீவு முடிந்து திரும்புகிறார். பாண்டிக்கு வருசநாடு. கொத்தனார் வேலைக்கு முதல் பயணம். ஆளுக்கு முப்பது கிலோ கொண்டுபோகலாம். குமரேசன் பெட்டி முப்பத்திரண்டரை காட்டியது. பாண்டியுடையது பதினாலுதான்.

"குமரேசண்ணே, ரெண்டரைக் கிலோ கூட இருக்கு."

"அந்த மசாலாப் பொட்டலத்த எடுத்து அவன் பெட்டியில வையி. அங்கன போய் வாங்கிக்கிருவேன்."

பொட்டலத்தைத் துணியில் வைத்துத் தைத்திருந்தார்கள்.

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"மல்லி, மொளகாதான்யா. ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

கசகசா கொண்டுபோனால் அவர்கள் போகிற நாட்டில் போதைப்பொருள் கேஸ். இது எனக்குத் தெரியும். ஆட்களிடம் சொல்லி அனுப்புவதும் என் வேலைதான். ஆனால் வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தையலைப் பிரிக்கச் சோம்பல்பட்டேன். பாண்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பெட்டியில் நானே திணித்து ஜிப்பை இழுத்தேன். அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

2. டேக்

அங்கே கஸ்டம்ஸில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கால் கிலோ கசகசா இருந்தது. பெட்டியின் டேக்கில் இருந்த பெயர் பாண்டியுடையது. அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். குமரேசன் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்குப் போன் போட்டேன்.

"டேக்ல என் பேரா இருந்துச்சு? இல்லைல்ல? பெறகு என்னைய எதுக்குய்யா இழுக்குற?" என்று வைத்துவிட்டார். அந்த ஆளை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னை மட்டும் எப்படி மன்னிப்பது?

பாண்டியின் மனைவி செல்வி கடைக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரக பெட்டிக்குள்ள கசகசா ஏதுண்ணே? கறிக்கொழம்பு வச்சே மாசக்கணக்காச்சு. வேற ஆளு சாமான நீங்கதான் வச்சீகன்னு எழுதிக் குடுத்தா, கேஸுக்கு ஒதவும்னு அங்கன உள்ள வக்கீல் சொன்னாகளாம். எழுதிக் குடுங்கண்ணே."

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "எழுதுனயின்னா ஒன்னையும் உள்ள தள்ளுவான். கடையும் போயிரும். ரெண்டு பிள்ள வச்சிருக்க, பாத்துக்க."

வெளியே வந்து, "பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஒங்கள நம்பித்தான அனுப்புனோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருசநாட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஒன்றேகால் வருடம் கழித்துப் பாண்டியை விட்டார்கள். ஊர் வந்தவன் ஒருநாள் கடைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீங்க எழுதியிருந்தா முன்னயே விட்டிருப்பாகளாண்ணே?"

"தெரியலப்பா" என்றேன். அவன் எழுந்து போய்விட்டான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: எடை கூடினால் கட்டணத்தைக் கட்டச் சொல்லுங்கள். ஒருவர் சாமானை இன்னொருவர் பெட்டியில் வைக்காதீர்கள். வைத்துத் தொலைத்தால், வைத்தது நான்தான் என்று அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். நான் வேலையை விட்டு வந்து, யாருக்கும் பயப்பட வேண்டாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு எழுதிவிட்டேன். அன்றைக்கு இதில் நாலு வரி போதுமாக இருந்திருக்கும் செல்விக்கு.